இன்மையின் வகைகள்: விக்கித் தளங்களுக்கிடையே தரவு பெறுதல் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

1

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், மட்டக்களப்பு - கல்முனை வீதியை அண்டி அமைந்த ஊர் களுதாவளை. வெற்றிலைச் செய்கையாலும் பிள்ளையார் கோயிலாலும் பெயர்பெற்ற இவ்வூர் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகப் பிரிவினுள் அடங்குவது. இதனைப் பற்றி ஒரு விக்கித் தளத்தில் பக்கம் அமைக்க முற்படும் ஒருவர், அமைவிடம், குடித்தொகை, நிர்வாகப் பிரிவு முதலியவற்றைத் தாமே எழுதவேண்டுமென்பதில்லை. வேறொரு விக்கித் தளத்திலே ஏற்கெனவே பதியப்பட்டுள்ள தரவு தானாகவே வந்து கட்டங்களை நிரப்பும்படி செய்தல் இன்று இயலும். ஆயின், பக்கத்தைத் திறந்து பார்க்கையில் அக்கட்டங்களுள் ஒன்று வெறுமையாக இருக்குமெனின், அவ்வெறுமைக்குப் பொருள் யாது?

'தொழினுட்பக் கோளாறு' என்பதே இவ்வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை. கோளாறுகள் உள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை; அவற்றை ஒழுங்காகக் கண்டறியும் முறையினைப் பின்னர் விரிவாகவே நோக்குவோம். எனினும் எல்லா வெறுமையையும் கோளாறென ஒரே பெயரால் அழைப்பது, வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தவற்றை ஒன்றாக்கிவிடுகின்றது. தரவு வரும் வழி தடைப்பட்டமையால் நேர்ந்த இன்மை வேறு. தவறான பெயரால் கேட்டமையால் நேர்ந்த இன்மை வேறு. பதியப்படாமையால் நேர்ந்த இன்மை வேறு. முதலாவது பொறியைச் சார்ந்தது; இரண்டாவது மொழியைச் சார்ந்தது; மூன்றாவது வரலாற்றைச் சார்ந்தது. இம்மூன்றையும் பிரித்தறியாத எந்தச் சீர்செய்முறையும் குறைபாடுடையதே என்பது நமது கருத்து.

2

தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க கால ஆக்கத்திலும் அமைப்பிலும் ஈழத்தவரான இ. மயூரநாதனின் பங்கு முதன்மையானது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பேணும் நூலகத் திட்டம் 2005 இல் உருவாயிற்று. இவ்விரண்டும் மீடியாவிக்கி என்னும் ஒரே மென்பொருளின்மீது அமைந்தவை. எனவே இவை தம்முள் எளிதாக உரையாடுமென வெளியிலிருந்து நோக்குவோர் கருதுதல் இயல்பே. ஆனால் ஒரே மென்பொருளில் இயங்குதல் வேறு, ஒரே தரவுக் களஞ்சியத்தைப் பகிர்தல் வேறு.

2012 ஒக்டோபரில் விக்கித்தரவு தொடங்கப்பட்டது. ஒரு செய்தியை ஓரிடத்தில் ஒரு முறை பதிந்துவிட்டால் எல்லா மொழிப் பக்கங்களும் அதனை அங்கிருந்தே பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம். 2013 இன் முற்பகுதியில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் அதனோடு இணைக்கப்பட்டன; அதே காலப்பகுதியிலேயே வார்ப்புருக்களுக்குள் லுவா மொழியில் நிரல் எழுதும் வசதியும் கிடைத்தது. ஆயின் இவ்விணைப்பு விக்கிமீடியா அறக்கட்டளையின் தளங்களுக்கே நேரடியாக உரியது. அக்குடும்பத்துக்கு வெளியேயுள்ள ஒரு விக்கி, அது எத்துணைப் பெரிய அறிவுப்பணியை ஆற்றினும், வெளி வாயிலிலே நின்று கேட்டே பெறவேண்டும். அவ்வாறு கேட்பதற்குப் பயன்படுவனவற்றுள் 'எக்ஸ்டேர்னல் டேட்டா' என்னும் நீட்சி குறிப்பிடத்தக்கது. அது ஒரு முகவரிக்கு வேண்டுகோள் அனுப்பி, வரும் விடையிலிருந்து வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்துப் பக்கத்தில் இடுகின்றது. வேண்டுகோள், வழி, விடை, பிரிப்பு, காட்சி என்னும் இவ்வைந்து படிகளுள் எதிலும் தடை நேரலாம்.

3

முதற்கண் வழித்தடைகளை நோக்குவோம். பலர் செய்யும் தவறு யாதெனில், பக்கம் வெறுமையாகத் தோன்றியவுடன் வார்ப்புருவைத் திருத்தத் தொடங்குவதாகும். ஆய்வு ஊற்றிலிருந்து தொடங்கவேண்டுமேயன்றி முடிவிலிருந்தன்று. தரவு தரும் முகவரியைத் தனியே உலாவியில் திறந்து, விடை வருகின்றதா எனக் காண்பதே முதற்படி. அங்கு விடை வருமாயின், நமது விக்கி இயங்கும் வழங்கியிலிருந்தும் அம்முகவரியை எட்ட முடிகின்றதா என அடுத்துக் காணவேண்டும். நமது மேசைக் கணினிக்குத் திறக்கும் கதவு வழங்கிக்கு அடைபட்டிருக்கலாம். வழங்கியிலுள்ள பாதுகாப்புச் சான்றிதழ்கள் பழையனவாயிருத்தல், வெளித்தொடர்பை இடவசதி தருவோர் தடுத்திருத்தல், அனுமதித்த முகவரிகளின் பட்டியலில் ஊற்றுத் தளம் சேர்க்கப்படாதிருத்தல் என்பன பொதுவான காரணங்கள். விக்கிமீடியா வழங்கிகள், தம்மை இன்னாரென அடையாளங் கூறாது வரும் தானியங்கி வேண்டுகோள்களை மறுப்பதும், அளவுக்கு மிஞ்சி வருவனவற்றைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு.

அடுத்தது முகவரியின் வடிவம். 'களுதாவளை' என்னும் சொல் கணினிக் குறியீட்டில் எட்டு அலகுகளால் ஆனது. ஒவ்வொரு தமிழ் அலகும் மூன்று பைற்றுகள் கொள்வதால் 24 பைற்றுகள் வேண்டும். முகவரியில் எழுதத்தக்க வடிவுக்கு மாற்றினால் அது 72 எழுத்துக்களாக விரியும். இம்மாற்றத்தை இரு முறை செய்துவிடுதலும் செய்யாது விடுதலும் அடிக்கடி நேரும் பிழைகள். மீடியாவிக்கியில் ஒரு தலைப்பு 255 பைற்றுகளைத் தாண்டல் ஆகாது. உரோம எழுத்தில் 255 எழுத்துக்களுக்கு இடந்தரும் இவ்வரையறை தமிழுக்கு 85 அலகுகளையே தருகின்றது. கும்பாபிடேக மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் நாம் இடும் நீண்ட தலைப்புக்களை நினைத்துப் பார்ப்போர்க்கு இதன் இடர் விளங்கும். தலைப்பைச் சுருக்கிப் பதிந்த தளத்திடம் முழுத் தலைப்பால் கேட்டால் விடை இராது.

பக்கமொன்று வேறு தலைப்புக்கு நகர்த்தப்படின், பழைய தலைப்பைத் தேடும் வாசகரை வழிமாற்று புதிய பக்கத்துக்கு இட்டுச்செல்லும். நிரலோ, வழிமாற்றைப் பின்தொடருமாறு வேண்டுகோளிலேயே கூறப்பட்டாலன்றிப் பழைய வாயிலிலேயே நின்றுவிடும். இறுதியாகத் தற்காலிகச் சேமிப்பை மறத்தலாகாது. ஊற்றிலே திருத்தப்பட்ட ஒன்று நமது பக்கத்தில் பழையபடியே தோன்றுமாயின், நிரல் தவறியதென முடிவுசெய்யுமுன் சேமிப்பை நீக்கிப் பார்க்கவேண்டும்.

இவையனைத்தும் தீர்க்கத்தக்கவை. இவற்றைவிட ஆபத்தானது, தவறு தன்னை அறிவியாது வந்து சேர்தல். களுதாவளை ஏறத்தாழ 7.5 பாகை வடக்கிலும் 81.8 பாகை கிழக்கிலும் உள்ளது. சில தரவு வடிவங்கள் அகலக்கோட்டை முதலிலும் வேறு சில நெடுங்கோட்டை முதலிலும் எழுதுகின்றன. இவ்வேறுபாட்டைக் கவனியாத நிரல் எவ்வித வழுச்செய்தியும் இன்றி இவ்வூரை வடமுனைப் பெருங்கடலின் பனிப்பரப்பிலே கொண்டுபோய் வைத்துவிடும். கட்டம் நிரம்பியுள்ளமையால் எவரும் ஐயுறார். கட்டம் நிரம்பியிருத்தல் தரவு சரியென்பதற்குச் சான்றாகாது.

4

இனி, பெயரால் நேரும் இன்மை. உரோம எழுத்தில் தமிழ்த் தகரத்தை ஓரெழுத்தாலும் எழுதுவர், ஈரெழுத்தாலும் எழுதுவர். வகரத்துக்கு இருவேறு எழுத்துக்கள் வழங்குகின்றன. இவ்விரு வேறுபாடுகள் மாத்திரமே களுதாவளைக்கு நான்கு எழுத்துக்கூட்டல்களைத் தந்துவிடுகின்றன. அயலிலுள்ள களுவாஞ்சிகுடியும், மேல் மாகாணத்துக் களுத்துறையும் பெயர்த் தொடக்கத்தால் ஒத்திருத்தலின், பெயரின் முற்பகுதியைக் கொண்டு தேடும் நிரல்கள் மயங்குவதற்கும் இடமுண்டு. மேலும் ஊர் ஒன்றாயினும், நிர்வாகத்தில் அது எண்ணிட்ட பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஊரின் தொகையைக் கேட்ட நிரல் ஒரு பிரிவின் தொகையைப் பெற்றுவருமாயின், எண் மெய்யானதாயினும் கூற்று பொய்யாகிவிடும்.

உலகின் சிற்றூர்கள் பலவற்றுக்கான பதிவுகள் விக்கித்தரவுக்கு வந்த வழியும் இங்கு கருதத்தக்கது. சுவீடிய, செபுவானோ மொழி விக்கிப்பீடியாக்களில் தானியங்கி நிரலொன்று ஜியோநேம்ஸ் என்னும் இடப்பெயர்த் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு எண்ணற்ற கட்டுரைகளை உருவாக்கியது. அக்கட்டுரைகளுக்கான உருப்படிகள் பின்னர் விக்கித்தரவில் அமைந்தன. ஊரை அறிந்தோர் எழுதிய பதிவும், ஊரை ஒருபோதும் கண்டிராத நிரல் எழுதிய பதிவும் ஒன்றையொன்று அறியாது அருகருகே இருக்கும் நிலை இவ்வாறு தோன்றுகின்றது. தரவு ஒரு பதிவிலிருக்க, நமது பக்கம் மற்றதனோடு இணைக்கப்பட்டிருப்பின் கட்டம் வெறுமையாகவே இருக்கும். தமிழ்ப் பெயர் இடப்படாத உருப்படியாயின் ஆங்கிலப் பெயரோ, வெறும் எண்ணோ தோன்றும்.

எழுத்துமுறையும் இவ்வகையில் இடர் தருவதே. பேராசிரியர் சி. மௌனகுருவின் பெயரை ஔகாரக் குறியிட்டு எழுதாது, எகரக் குறியும் ளகரமும் இட்டு 'மெளனகுரு' எனத் தட்டெழுதுவோர் பலர். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. கணினிக்கோ அவர் வேறொருவர். ஒகரக் குறியை இரு கூறாக எழுதினும் மென்பொருள் அதனை ஒன்றாக்கிக்கொள்ளும். ஔகாரத்துக்குப் பதிலாக ளகரத்தை இட்டதை அது திருத்தமாட்டாது; ஏனெனில் அது வேறெழுத்து. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்ற பட்டியல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படாது சேர்க்கப்படின், தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற உரோம எழுத்துக்களாகவே வந்து சேரும். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த ஒருவரின் நூல்களைத் தேடும் மாணவர், இக்காரணங்களால் அரைப் பட்டியலைப் பெற்று அதனையே முழுமையெனக் கொள்ளக்கூடும். பதிப்புத் துறையில் பாடபேதம் எனப் போற்றி ஆராயும் ஒன்றை, தரவுத் துறையில் தட்டச்சுப் பிழையெனத் தள்ளிவிடுகின்றோம்.

5

மூன்றாவது இன்மையே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. களுதாவளையின் குடித்தொகையை ஆண்டுவாரியாகத் தருமாறு ஒரு வார்ப்புரு கேட்கின்றதெனக் கொள்வோம். 1981 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் குடிசன மதிப்பீடு நடைபெற்றது. 1991 இல் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களிலேயே அது முழுமைபெற்றது. மட்டக்களப்பு உட்பட வடக்குக் கிழக்கின் ஏழு மாவட்டங்களில் போர்ச்சூழல் காரணமாக முழுமைபெறவில்லை. 2012 இலேயே மீண்டும் முழு மதிப்பீடு நிகழ்ந்தது. 1981 இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரமாக இருந்த மட்டக்களப்பு மாவட்டத்தின் தொகை 2012 இல் 5 இலட்சத்தைக் கடந்திருந்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகள், இடப்பெயர்வும் இழப்பும் மிகுந்த அக்காலம், முழுக் கணக்கின்றிக் கழிந்தது.

ஆகவே 2001 க்குரிய கட்டம் வெறுமையாக இருப்பது நிரலின் தவறன்று. அவ்விடத்தில் நிரல் பூச்சியத்தை இடுமாயின், அங்கு மனிதரே வாழவில்லை என்றாகும். வழுச்செய்தியைக் காட்டுமாயின், எவரோ ஒருவர் அதனைப் 'பழுதுபார்த்து' இரு மதிப்பீடுகளின் இடைநிலை எண்ணை நிரப்பிவிட முனைவர். கட்டத்தையே மறைத்துவிடுமாயின், வினா எழவே வாய்ப்பில்லை. இம்மூன்று தீர்வுகளும் வரலாற்றை அழிப்பனவே.

இவ்வேறுபாட்டைப் பதியும் வாய்ப்பு விக்கித்தரவில் உண்டு என்பது நோக்கற்பாலது. அங்கு ஒரு கூற்றுக்கு மதிப்புத் தரலாம். 'மதிப்பு இல்லை' எனலாம். 'மதிப்பு உண்டு, ஆயின் அறியப்படவில்லை' எனலாம். கூற்றே இல்லாது விடலாம். 2001 இன் களுதாவளைக்கு மூன்றாவதே பொருந்தும். மக்கள் இருந்தனர், அவர்களது எண்ணிக்கையே அறியப்படவில்லை. ஆனால் தரவைப் பெறும் வார்ப்புருக்கள் பல, மதிப்பில்லாத மூன்று நிலைகளையும் ஒரே வெறுமையாக்கிவிடுகின்றன. 1981, 2012 ஆகிய இரண்டு எண்களும் ஒரே தரநிலையில் பதியப்பட்டிருப்பின், எளிய வார்ப்புரு அவற்றை ஆண்டுக் குறிப்பின்றி அருகருகே அடுக்கிவிடுதலும் உண்டு. ஊற்றிலே பேணப்பட்ட நுட்பம் வழியிலே தொலைந்துபோகின்றது.

தண்டியலங்காரம் ஏதுவணியைக் கூறுமிடத்து அபாவத்தை ஐந்தாக வகுத்து, அவற்றுள் 'அழிவுபாட்டு அபாவம்' என ஒன்றைத் தனியே வைத்தது. இன்மை ஒருதன்மைத்தன்று என்பதைத் தமிழ்ச் செய்யுளியல் நுணுகி அறிந்திருந்தது. நமது வார்ப்புருக்கள் அதனை இன்னும் அறிந்துகொள்ளவில்லை.

6

இவ்விடத்து இரு தீவிர நிலைப்பாடுகளை நாம் மறுக்கவேண்டியுள்ளது. எல்லாவற்றையும் கருவிப் பிரச்சினையாகக் காண்பது ஒன்று. வழங்கியின் சான்றிதழைக்கூடச் சோதியாது, எல்லாவற்றையும் தரவு ஆதிக்கத்தின் விளைவெனக் காண்பது மற்றொன்று. சமூகப் பார்வையுடையோர் இரண்டாவது பிழைக்கு எளிதில் ஆளாகின்றனர். காலாவதியான சான்றிதழுக்குக் கோட்பாடு மருந்தாகாது. குடிசன மதிப்பீடு நடவாமைக்கு நிரல் மருந்தாகாது. எது எதன்பாற்பட்டதெனப் பகுத்துக் காண்பதே திறனாய்வின் கடன்.

தரவை அவ்வப்போது கேட்டுப் பெறுவதா, படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வதா என்னும் வினாவும் எஞ்சுகின்றது. படியெடுத்தவை காலப்போக்கில் மூலத்தினின்றும் வேறுபடும் என்பது உண்மை. ஆயின் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகம், ஓரிடத்து ஊற்றை மாத்திரம் நம்பியிருத்தல் இயலாது. 1978 இன் சூறாவளியையும் 2004 இன் ஆழிப்பேரலையையும் கண்ட கிழக்குக் கரைக்கு இது மேலும் பொருந்தும். ஊற்று அணைந்த அன்று, அதிலிருந்து இரவல் பெற்ற பக்கங்கள் யாவும் ஒருங்கே வெறுமையாகும். எனவே கேட்டுப் பெற்றதைப் பெற்ற நாளும் ஊற்றின் பெயரும் குறித்துத் தம்மிடமும் ஒரு படியாக வைத்தலே தக்கதென்போம். நாள் குறிக்கப்பட்ட பழைய எண் சான்றாகும். நாளற்ற புதிய எண் வதந்தியாகும்.

இப்பணியில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இடமுண்டு. ஊர்ப்பெயர்களின் வழக்கு வேறுபாடுகளை ஊரவரிடம் கேட்டுப் பதிதல், இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குதல், வழுச்செய்திகள் 'வழி அடைபட்டது', 'பெயர் பொருந்தவில்லை', 'கணக்கெடுக்கப்படவில்லை' எனத் தமிழிலே தம் காரணத்தைக் கூறுமாறு அமைத்தல் என்பன மாணவர் கைக்கு எட்டாதனவல்ல. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு இவ்வூர்கள் தம் சொந்த மாவட்டத்தினவே. 2024 இன் குடிசன மதிப்பீட்டு எண்கள் வந்து சேரும்போது பல கட்டங்கள் புதிதாக நிரம்பும். 2001 இன் கட்டம் நிரம்பாது. அது ஏன் நிரம்பாது என்பதை அக்கட்டத்திலேயே எழுதிவைத்தல் நமது பொறுப்பாகும்.