வந்து சேராத செய்தியும் ஆயிரம் கண்களும்

கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் அந்த வாதம் வந்துவிடும். நிரல் திறந்திருக்கிறது, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதனால் வழு ஒளிந்திருக்க முடியாது என்பார்கள். எரிக் ரேமண்ட் 1997-இல் வாசித்த 'கதீட்ரலும் பஜாரும்' கட்டுரையிலிருந்து பரவிய கருத்து இது. லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரைச் சூட்டி, அதை ஒரு விதி என்றே அவர் அழைத்தார். செய்திச் செயலிகளைப் பொறுத்தவரை இந்த விதி பாதிதான் சரி என்பது என் எண்ணம். மீதிப் பாதியை நாம் பேசுவதே இல்லை.

முதலில் வழு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம்.

திண்டிவனத்தில் ஒரு கடையின் வைஃபையில் இருக்கிறீர்கள். விழுப்புரம் பஸ் வந்ததும் ஏறிவிடுகிறீர்கள். போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. பழைய இணைப்பு செத்துப்போச்சு, ஆனால் சர்வருக்கு அதை யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வரும் செய்தியை அது அந்தச் செத்த இணைப்பிலேயே தள்ளிக்கொண்டிருக்கும். லினக்ஸ் இயல்பாக 15 முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். அதற்கு ஏறத்தாழ 924 வினாடி, அதாவது கால் மணி நேரம். அதற்குள் பஸ் கூட்டேரிப்பட்டை நெருங்கியிருக்கும். வீட்டில் "அனுப்பிட்டேனே" என்பார்கள். நீங்கள் "வரலையே" என்பீர்கள். ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1999-இல் ஜாபர் என்ற பெயரில் வெளிவந்து, இன்று எக்ஸ்எம்பிபி என்று அழைக்கப்படும் திறந்த நெறிமுறைக்கு இதைத் தீர்க்கவே ஒரு நீட்சி உண்டு. அதன் எண் 198. வேலை எளிமையானது. செயலியும் சர்வரும் தங்களுக்கு வந்த துண்டுகளை எண்ணிக்கொண்டே வரும். "எத்தனை வந்தது?" என்று ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் எண்ணைச் சொல்லும். இணைப்பு அறுந்து மறுபடி கிடைத்தால், கணக்கில் வராததை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும். இந்தக் கணக்கு ஒன்று பிசகினால் செய்தி இரண்டு முறை வரும், அல்லது வராமலே போகும். இந்த இடத்தில் ஆயிரம் கண்கள் நிஜமாகவே உதவும். நெறிமுறை பொதுவில் இருக்கிறது, சர்வர் நிரலும் செயலி நிரலும் பொதுவில் இருக்கின்றன. விழுப்புரத்தில் ஒரு மாணவி படித்துப் பார்த்துப் பிசகைச் சுட்டிக்காட்ட முடியும். மூடிய செயலியில் இது நடக்காது. ரேமண்டுக்கு இந்தப் பாதியைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தும் செய்தி தாமதமாகும். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015-லிருந்து, அசையாமல் கிடக்கும் போன் தூக்கத்துக்குப் போய்விடும். பேட்டரி மிச்சம். அது போதாதென்று, சில போன் நிறுவனங்கள் தங்கள் பங்குக்குப் பின்னணியில் ஓடும் செயலிகளை அணைத்துவிடுகின்றன. எந்த நிறுவனம் எவ்வளவு மோசம் என்று வரிசைப்படுத்தவே 'டோன்ட் கில் மை ஆப்' என்றொரு தளம் இருக்கிறது என்றால் பாருங்களேன். அந்த அணைப்பு வேலையைச் செய்யும் நிரல் நம் பார்வைக்குக் கிடைப்பதில்லை.

ஆக, தாமதமான ஒரு செய்திக்குச் சந்தேகப் பட்டியல் நீளமானது: அனுப்பியவர் செயலி, பெற்றவர் செயலி, சர்வர், டவர், போனின் பேட்டரிச் சிக்கனம். திறந்த நிரல் என்பதால் முதல் மூன்றைப் பார்க்கலாம். மற்ற இரண்டுக்கான தடயம் யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது.

இன்னும் கூர்மையான உதாரணம் 2023 அக்டோபரில் கிடைத்தது. ஜாபர்.ரு என்ற பழைய எக்ஸ்எம்பிபி சேவையில் இணையும்போது, சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. நிர்வாகிகள் சர்வரைத் திறந்து பார்த்தார்கள். அங்கே இருந்த சான்றிதழ்கள் எல்லாம் நடப்பில்தான் இருந்தன. துருவியபோதுதான் தெரிந்தது: நடுவில் யாரோ உட்கார்ந்து, தனியாக ஒரு சான்றிதழ் வாங்கிப் பல மாதங்களாகப் போக்குவரத்தை இடைமறித்திருக்கிறார்கள். அதைப் புதுப்பிக்க மறந்ததால் மாட்டிக்கொண்டது. சர்வர் நிரலை எத்தனை ஆயிரம் பேர் வரிவரியாகப் படித்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. இணைப்பு ஏன் இப்படிச் சொல்கிறது என்று கேட்டு, விடாமல் பின்தொடர்ந்தவர்களால்தான் கிடைத்தது.

இங்கேதான் நம் ஆட்கள் மேல் எனக்கு ஒரு விமர்சனம். தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் செய்துவரும் வேலை சாதாரணமானது அல்ல. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி நடத்திவருகிறது. பெருநகரத்துக்கு வெளியே இப்படி ஒன்று நிலைப்பதே பெரிய விஷயம். ஆனால் பொதுவாக நம் பழக்கம் என்ன? நிறுவுவோம், தமிழாக்குவோம், மற்றவர்களுக்குப் பரிந்துரைப்போம். அவர்கள் மறுவாரம் "மெசேஜ் லேட்டா வருதுங்க" என்றால், "செட்டிங்ஸ் பாருங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வோம். அந்தப் புகார் எழுத்தாகி, அதைச் சரிசெய்யக்கூடிய ஆளிடம் போய்ச் சேர்வது அபூர்வம். அவர் அந்தச் செயலியை அழித்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுவார். நாம் அதற்கு மக்களின் அக்கறையின்மை என்று பெயர் வைப்போம்.

புகார் போகாததற்கு மொழி ஒரு காரணம். வழுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வடிவம் இன்னொரு காரணம். "மெசேஜ் வரலை" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பெர்லினிலோ புனேயிலோ இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்பிய நேரம், வந்த நேரம், ஆண்ட்ராய்டு பதிப்பு, போன் மாடல், வைஃபையா டேட்டாவா, ஒரு டிக்கா இரண்டு டிக்கா என்பதெல்லாம் வேண்டும். பல செயலிகளில், ஒரு டிக் மட்டும் இருந்தால் செய்தி சர்வர் வரை போய் நின்றிருக்கிறது என்று பொருள். இரண்டாவது டிக் விழுந்தால்தான் எதிராளியின் போனைத் தொட்டிருக்கிறது. இந்த ஒரு தகவலே சந்தேகப் பட்டியலைப் பாதியாக்கும்.

"எல்லாரும் லாக் அனுப்பட்டும்" என்று சொல்லிவிடவும் முடியாது. யார் யாரோடு எப்போது பேசினார் என்பது லாகில் இருக்கும். முழு மறையாக்கம் உள்ள செயலியில் செய்தியின் உள்ளடக்கம் சர்வருக்கே தெரியாது. அப்படிக் காத்த அந்தரங்கத்தை, வழு நீக்குகிறேன் என்று பொதுவெளியில் ஒட்டிவிட்டால் என்ன பயன்? ஆகவே இது தனிமனிதர் தலையில் போடவேண்டிய வேலை இல்லை. குழு செய்யவேண்டிய வேலை. இரண்டு பழைய போன், இரண்டு சோதனைக் கணக்கு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஒரு பஸ் டிக்கெட். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பி, நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். சொந்த உரையாடல் எதுவும் வெளியே போகாது. நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யலாம்.

பலனும் ஒரு செயலியோடு நிற்காது. மலையாளத்தில் புறா என்று பொருள்படும் 'பிராவ்', நம் நாட்டுக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்தும் திட்டம். அது குவிக்சியிலிருந்து கிளைத்தது. குவிக்சி, கான்வர்சேஷன்ஸ் என்ற செயலியிலிருந்து. தாய் நிரலில் ஒரு வழு அடைபட்டால் அந்தத் திருத்தம் மூன்றுக்கும் பயன்படும்.

இவ்வளவு அலட்டிக்கொள்ள என்ன இருக்கிறது, கால் மணி நேரத் தாமதம்தானே என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அப்படி ஒரு காலையில் "கிளம்பாதே" என்ற செய்தி, கிளம்பின பிறகு வந்தால் அதற்கு என்ன மதிப்பு?

அதனால் குழு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நிறுவல் விழாவில் எத்தனை போனில் ஏற்றினோம் என்று எண்ணுவதோடு, போன விழாவில் ஏற்றியவர்களில் எத்தனை பேர் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எடுத்துவிட்டவர்கள் சொல்லும் காரணத்தை நேரத்தோடும் மாடலோடும் எழுதி, உரிய இடத்துக்கு அனுப்புங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாலே போதும்.