கைவிட்டால் தெரியும்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணால் ரசிப்பவர்கள். மேகத்தின் விளிம்பு, மழையில் மின்னும் ஓடுபாதை, காக்பிட்டில் ஒவ்வொரு திருகாணி என்று பார்த்துப் பார்த்து மகிழ்வார்கள். எனக்கு ஜாய்ஸ்டிக்கை விட்டுக் கையை எடுத்த பிறகு நடப்பதுதான் விருந்து. அந்த விமானத்தைச் செய்தவருக்குத் தொழில் தெரியுமா என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 100 நாட் வேகத்தில் உயரம் மாறாமல் பறக்கும்படி டிரிம் செய்துவிட்டு, மூக்கைச் சற்றே தூக்குங்கள். வேகம் 90-க்கு இறங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். மூக்கு தானாகத் தாழும். அடிவானத்தோடு நிற்காமல் அதற்கும் கீழே போகும். வேகம் 100-ஐத் தாண்டும். தாண்டத் தாண்ட இறக்கையின் தூக்குவிசை கூடி மூக்கு மறுபடி எழும். உயரத்தை விற்று வேகத்தை வாங்குவதும் வேகத்தை விற்று உயரத்தை வாங்குவதுமாக ஒரு நீண்ட அலை. இதற்கு ஃப்யூகாய்டு என்று பெயரிட்டு, 1908-இல் வெளியிட்ட நூலில் கணக்கும் சொன்னவர் ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். வேகத்தை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று எழுதி 0.45-ஆல் பெருக்கினால், ஓர் அலைக்கு ஆகும் நேரம் சுமாராகக் கிடைத்துவிடும். 100 நாட்டுக்கு ஏறக்குறைய 23 வினாடி. எடை இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரசிக்கலாம். நன்றாக அமைந்த செஸ்னாவில் அலை அந்த நேரத்தை ஒட்டி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சற்றுச் சிறுத்துக்கொண்டே போகும். அதைச் சிறுக்க வைப்பது பெரும்பாலும் காற்றின் எதிர்ப்பு. எதிர்ப்பு குறைந்த, வழுக்கிப் போகும் கிளைடரில் அலை லேசில் ஓயாது, ஓயவும் கூடாது. கிளைடரின் மூக்கு ஒரே மூச்சில் அடங்கிவிட்டால், யாரோ கோப்பில் கைவைத்து அதன் உயிரை எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கைவைக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில், ஒவ்வொரு விமானத்துக்கும் ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி என்றொரு கோப்பு உண்டு. அதில் பிட்ச் ஸ்டெபிலிட்டி என்ற வரிக்கு எதிரே 1.0 என்று இருக்கும். மூக்கு துள்ளுகிறதா, அதை 2 ஆக்கு, 3 ஆக்கு என்பதுதான் அவசரக்காரரின் வைத்தியம். அந்த எண் பெருக்குவது தணிப்பை மட்டுமே. ஊஞ்சல் நடுவுக்குத் திரும்பி வருவது ஒன்று, ஆடி ஓய்வது வேறொன்று. ஊஞ்சலை எண்ணெய்க்குள் ஆடவிட்டால் சீக்கிரம் ஓயும். நடுவுக்கு இழுக்கும் விசை அதனால் கூடிவிடாது.

அந்த இழுக்கும் விசை பிறக்கும் இடம் எடை மையமும் வாலும். 1871-இலேயே பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் பெனோ, ரப்பர் முறுக்கில் பறந்த தம் சிறு மாதிரி விமானத்துக்கு வால் வைத்து இதைக் காட்டிவிட்டார். செஸ்னா 172-இல் எடை மையம் இருக்க அனுமதி உள்ள இடம், முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 12 அங்குலம். விமானத்தின் மொத்தக் குணமும் அந்த ஓரடிக்குள் அடக்கம். முன்னே தள்ளினால் விமானம் பிடிவாதக்காரர். தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கவே, அதை ஏற்றி இறக்கும் பலகையான எலிவேட்டரை நிறைய இழுக்க வேண்டும். பின்னே தள்ளத் தள்ளத் தொட்டாற்சிணுங்கி. ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், விலகிய மூக்கு திரும்பியே வராது.

அடுத்தது நிலைமத் திருப்புத்திறன், அதாவது திரும்பச் சொன்னால் விமானம் காட்டும் தயக்கம். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டருக்கான ஜேஎஸ்பிசிம் கோப்பில், செஸ்னா 172-இன் மூக்கு மேலும் கீழும் ஆடும் அச்சுக்கு 1346 ஸ்லக்-சதுர அடி என்று போட்டிருக்கும். அதைப் பாதியாக்கினால் மூக்கு காகிதம்போல் படபடக்கும். இரட்டித்தால் சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்டு, நிற்கச் சொன்ன இடத்தையும் தாண்டிப் போகும். ஓரிரு வினாடிக்குள் முடிந்துவிடும் இந்தக் குறுகிய ஆட்டத்தில்தான் தணிப்புக்கு உண்மையான வேலை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் வழி வேறு: விமானத்தின் வடிவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையை அது கணக்கிடுகிறது. அங்கே வாலின் அளவு தப்பாக இருந்தால் குணமும் தப்பாகவே வரும்.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டியது மேசைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக். அசல் செஸ்னாவை ஓட்டும் கைப்பிடியான யோக் வெகுதூரம் முன்னும் பின்னும் போகும். இதுவோ சில விரற்கடைதான் அசையும். வேகம் கூடினால் யோக் கனப்பதுபோல் இதன் சுருள்வில் கனக்காது. துள்ளல் என்று பழி சுமக்கும் பல விமானங்களுக்கு, சென்சிட்டிவிட்டி வளைவை நடுவில் சற்றுத் தட்டையாக்கினாலே போதும்.

விமானத்தின் குணத்துக்கு மதிப்பெண் போட, 1969-இல் ஜார்ஜ் கூப்பரும் ராபர்ட் ஹார்ப்பரும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: 1 மிக நன்று, 10 கட்டுக்கடங்காதது. சிமுலேட்டரில் எல்லா விமானத்துக்கும் 1 வாங்கித் தர நினைப்பது ரசனைக்கேடு. ரைட் சகோதரர்களின் 1903 ஃப்ளையருக்கு எலிவேட்டர் முன்புறம். மூக்கை விட்டுப்பிடிக்க நேரமே தராத வண்டி. அதன் நான்கு பறத்தல்களில் நீண்டதே 59 வினாடி. ஃப்ளையரைச் செய்கிறவர் அந்தச் சண்டித்தனத்தை அப்படியே கைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

கைதேர்ந்தவரின் கோப்பைத் திறந்தால், திருத்தும் எண்கள் பெரும்பாலும் 1.0-ஐ ஒட்டியே நிற்கும். உழைப்பெல்லாம் எடையிலும் நீளத்திலும் வாலின் பரப்பிலும் போயிருக்கும். அப்படி ஒரு கோப்பை வரிவரியாகப் படிப்பதே தனிச் சுகம். பறப்பது அதற்குப் பிறகுதான்.