மலையகத்தில் அறக்கொடையும் ஆய்வும் – ஒரு விமர்சன நோக்கு

தேயிலைச் செடியை ஆராய்வதற்கென 1925ஆம் ஆண்டில் இலங்கையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தேயிலை மீது அறவிடப்பட்ட தீர்வையே அதற்கு நிதியாயிற்று. செடியின் நோய், மண்ணின் வளம், கொழுந்தின் தரம் ஆகியன பற்றிய வினாக்களைத் தொழில்துறையே எழுப்பிற்று. விடைகாணும் செலவையும் அதுவே ஏற்றது. அக்கொழுந்தைக் கொய்யும் மக்களின் வாழ்வை ஆராய்வதற்கு இத்தகைய ஏற்பாடு உருவாகவில்லை. அவ்வாய்வு பெரும்பாலும் வெளியாரின் உதவியை எதிர்பார்த்தே நடைபெற்று வந்துள்ளது. அறக்கொடை, சமூக முதலீடு என்பன பற்றி இன்று நிகழும் விவாதத்தை இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

ஆய்வுக்கு நிதி வழங்குபவர் ஆய்வின் வினாவையும் வகுத்துவிடுகின்றனர். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே, பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர்பெற்ற அமைப்பும் தோன்றியது. வீடு, குடிநீர், மலசலகூடம், பிள்ளை மடுவம் முதலியவற்றில் இடப்பட்ட முதலீட்டின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும், எத்தனை கட்டப்பட்டன என்ற கணக்குக்கு அப்பால், லயன் வாழ்க்கையை உருவாக்கிய உற்பத்தி உறவுகள் மாறினவா என்ற வினா கொடையாளியின் படிவத்தில் இடம்பெறுவது அரிது.

இந்நிலையில் கண்டி நகரில் உருவான சத்தியோதய நிலையம் தனிக்கவனத்துக்குரியது. இயேசு சபைத் துறவியான போல் காஸ்பர்ஸ் அடிகளார் (1925–2017) 1972இல் இதனைத் தோற்றுவித்தார். சமூக ஆய்வுக்கும் சந்திப்புக்குமான நிலையம் என்றே அது தன்னை அழைத்துக்கொண்டது. 'சந்திப்பு' என்னும் சொல் இங்கு அலங்காரமன்று. காணிச் சீர்திருத்தம், தோட்டங்களைத் தேசியமயமாக்கல், பட்டினி, இனவன்முறை ஆகியன அடுத்தடுத்து மலையகத்தைத் தாக்கிய ஒரு தசாப்தத்தில், சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் ஒருவரையொருவர் அறிதலையே அறிவுத் தேடலின் பகுதியாக அது கொண்டது. 1970களில் கொலம்பியாவில் ஒர்லாண்டோ பால்ஸ் போர்டா முன்வைத்த பங்கேற்பு ஆய்வுக் கருத்துடன் இதனை ஒப்பிட்டு நோக்கலாம். எனினும் அடிகளாரின் கட்டுரைத் தொகுதி 2005இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. ஆய்வுக்குப் பொருளானோர் அதன் வாசகராவதற்கு மொழி தடையாய் நின்றது. இது தனியொருவரின் குறையன்று. நமது புலமை மரபு முழுவதற்கும் உரிய குறை.

இன்னுமொரு குறையும் உண்டு. அறக்கொடை பற்றிய எழுத்துகளில் தோட்டத் தொழிலாளி பெறுபவராக மட்டுமே தோற்றமளிக்கிறார். உண்மை வேறு. மாரியம்மன் திருவிழாவுக்கு வரி, மரண சகாய சங்கத்துக்குப் பணம், தொழிற்சங்கத்துக்குச் சந்தா, சாவு வீட்டுக்கு அரிசியும் விறகும் என அம்மக்கள் தமது குறைந்த வேதனத்திலிருந்து ஓயாது கொடுத்து வந்துள்ளனர். இக்கொடையின் அளவென்ன, அதனை நிருவகிப்பவர் யார், பெண்களுக்கு அதில் குரல் உண்டா என்பன ஆராயப்பட வேண்டியவை. இவ்வினாக்கள் வெளியாருக்கு எளிதில் தோன்றா. லயத்தில் வாழ்வோருக்கே தோன்றும். நாட்டார் பாடல்களைத் தோட்ட மக்களின் வாயிலிருந்தே திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை, உள்ளிருந்து எழும் ஆய்வுக்கு முன்னரே வழிகாட்டிச் சென்றார்.

ஆயின் 'உள்ளூர்த் தலைமை' என்ற சொல்லில் மயங்கிவிடலும் ஆகாது. உள்ளூரிலும் வர்க்கம் உண்டு. தோட்டத் தலைவரும், சங்கப் பிரதிநிதியும், கண்டி நகர வர்த்தகரும், பேராதனையில் அமர்ந்து எழுதும் நாமும் தொழிலாளியின் இடத்தில் நின்று பேசிவிட இயலாது. தோட்டத்தில் தகவல் திரட்டிப் பட்டம் பெற்று, ஆய்வேட்டை நூலகத்தில் அடுக்கிவிடுபவரும் வெளியாரே.

எனவே மூன்று கடமைகள் நம்முன் உள. ஆய்வின் வினாக்கள் தோட்ட மக்களின் கூட்டங்களிலேயே வகுக்கப்படல் வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் அம்மக்கள் முன் வாசிக்கப்பட்டு, அவர்களது மறுப்புக்கும் திருத்தத்துக்கும் உட்படல் வேண்டும். சந்தாவிலும் ஏற்றுமதி வருவாயிலும் ஒரு சிறு பங்காயினும் இவ்வாய்வுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். செடிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் இயன்றது, மனிதருக்கு இன்று இயலாதென்பது பொருந்தாது.