விரைவு மட்டும் விற்குமா?

வீடு கட்டுகிறவர் முதலில் வரைபடம் போடுகிறார், பிறகு கடைக்கால் தோண்டுகிறார், சுவர் எழுப்புகிறார், கடைசியில் கூரை போடுகிறார். கூரை போட்டு முடித்த பிறகு, சமையலறை கிழக்கே இருந்திருக்கலாம் என்று தோன்றிப் பயனில்லை. மென்பொருளையும் நெடுங்காலம் இந்த வரிசையில்தான் கட்டினார்கள். ஆனால் மென்பொருள் செங்கல் அன்று, அழித்து எழுதக்கூடியது. அப்படியானால் வீடு கட்டும் வரிசை அதற்கு எதற்கு? இந்தக் கேள்விக்கு விடையாக வளர்ந்ததே 'அஜைல்' என்னும் முறை. வேண்டிய நேரத்தில் சட்டென்று திரும்பக்கூடிய சுறுசுறுப்பு என்பது இச்சொல்லின் பொருள்.

வணிக நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துத் தருவோர் பலர் இன்று, 'அஜைல் முறையில் கட்டித் தருகிறோம். உங்கள் விற்பனை பெருகும்' என்று கூறுகிறார்கள். இது ஒரே கூற்றைப் போலத் தோன்றினாலும் இதில் இரண்டு கூற்றுகள் உள்ளன. ஒன்று கட்டும் முறையைப் பற்றியது. மற்றது விளைவைப் பற்றியது. முதலாவது உண்மையானால் இரண்டாவதும் உண்மையாகிவிடுமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

முறை பிறந்த வரலாறு

பெரிய மென்பொருள்களைப் படிப்படியாகக் கட்டும் வரிசையை 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரையில் படம் வரைந்து காட்டினார். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் விழுவதால் பிற்காலத்தார் அதனை 'நீர்வீழ்ச்சி முறை' என்றனர். வேடிக்கை என்னவென்றால், அந்த எளிய வரிசையை அப்படியே கடைப்பிடிப்பது ஆபத்தானது என்று ராய்ஸே அக்கட்டுரையில் எச்சரித்திருந்தார். பலர் படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினர். நான்கு கொள்கைகளும் பன்னிரண்டு நெறிகளும் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டனர். அதன் சாரம் இதுதான்: வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள், சில வாரங்களுக்கு ஒருமுறை இயங்கும் பொருளைக் கையில் கொடு, வாடிக்கையாளரோடு கூடியிருந்து வேலை செய், மாற்றம் வந்தால் வரவேற்றுக்கொள். இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என்பதும் அந்நெறிகளுள் ஒன்று.

ஒரு கடை மூடிய கதை

இம்முறை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 'பூ டாட் காம்' நல்ல சான்று. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, நாகரிக உடைகளை இணையத்தில் விற்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1999 மே மாதம் திறப்பதாக இருந்த கடை, தள்ளித் தள்ளி நவம்பரில்தான் திறந்தது. பதினெட்டு நாடுகள், பல மொழிகள், பல நாணயங்கள், உடைகளைச் சுழற்றிப் பார்க்கும் வசதி, பேசி உதவும் பொம்மைப் பெண் என எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கட்டினார்கள்.

ஆனால் அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழி இணைப்பு. அதன் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட். 350 கிலோபைட் கொண்ட ஒரு பக்கம் இறங்க 50 நொடி ஆகும். கடை வாசலில் 50 நொடி நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? சுமார் 13.5 கோடி டாலர் முதலீட்டைக் கரைத்துவிட்டு, 2000 மே 18 அன்று நிறுவனம் கலைப்புக்குச் சென்றது. தளம் மட்டுமே காரணமன்று. விளம்பரத்துக்கும் ஊழியர்களுக்கும் தாராளமாகச் செலவிட்டதும் காரணம். எனினும் ஒரே நாட்டில், எளிய பக்கங்களோடு தொடங்கியிருந்தால், வாங்குவோரின் பொறுமை எவ்வளவு என்பது குறைந்த செலவில் தெரிந்திருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. இந்த அளவில் அஜைல் முறையின் வாதம் வலுவானதே.

வாடிக்கையாளர் என்பவர் யார்?

குறை வேறிடத்தில் இருக்கிறது. அறிக்கையில் வரும் 'வாடிக்கையாளர்' யார்? மென்பொருளைச் செய்யச் சொல்லிப் பணம் கொடுப்பவர். இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவரான கென்ட் பெக், 1996 முதல் கிரைஸ்லர் மோட்டார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில் பணியாற்றினார். வாடிக்கையாளரின் பிரதிநிதி ஒருவரைத் தம் குழுவுடனேயே உட்கார வைத்துக்கொள்வது அவருடைய முறை. சம்பளக் கணக்குக்கு இது பொருந்தும். மிகைநேர ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டால் அந்தப் பிரதிநிதியால் விடை சொல்ல முடியும்.

விற்பனைத் தளத்தின் நிலை வேறு. இங்கே பணம் கொடுத்துத் தளத்தைச் செய்விப்பவர் கடைக்காரர்; தளத்தில் பொருள் வாங்குபவர் முகம் தெரியாத வேறொருவர். கடைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்டாலும், வாங்குபவர் எதைக் கண்டு நிற்பார், எதைக் கண்டு விலகுவார் என்பதை அவரால் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் எவ்வளவு தவறும் என்பதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அனுபவம் சான்று. அங்கே சோதித்துப் பார்த்த யோசனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எதிர்பார்த்த பலனைத் தந்தது என்று ரான் கோஹாவியும் அவர் சகாக்களும் எழுதியுள்ளனர். மீதி யோசனைகள் பலன் தரவில்லை, அல்லது கெடுதல் செய்தன. அவையும் பிழையின்றி இயங்கியவைதாம்! ஆகவே இயங்குவது வேறு, விற்பது வேறு.

வயலில் பிறந்த சோதனை

வாங்குபவரை எப்படிக் கேட்பது? விடை வேளாண்மை ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர், இரண்டு உரங்களில் எது சிறந்தது என்று அறிய ஒரு வழி வகுத்தார். மண்ணின் வளம் இடத்துக்கு இடம் மாறும். ஆகையால் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போலத் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

இணையதளத்திலும் இதையே செய்யலாம். வருவோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய பக்கத்தையும் மறு பாதிக்குப் புதிய பக்கத்தையும் ஒரே காலத்தில் காட்ட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக் கடைத் தளத்தில் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றினால் விற்பனை கூடத்தான் செய்யும். கூட்டியது பொத்தானா, பண்டிகையா? முன்பும் பின்பும் ஒப்பிட்டால் தெரியாது; ஒரே வாரத்தில் இரு பாதியாகப் பிரித்தால் தெரியும்.

2012-இல் மைக்ரோசாப்டின் 'பிங்' தேடுதளத்தில், விளம்பரத் தலைப்பு வரியைச் சற்று நீளமாக்கும் யோசனை ஒன்று ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. ஒரு பொறியாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். வருவாய் 12 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல்!

இரண்டு வாரம் போதுமா?

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். சிறு வணிகர் ஒருவரின் தளத்துக்கு நாளொன்றுக்கு 200 பேர் வருகிறார்கள். நூற்றுக்கு இருவர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாற்றம் இதை 2.2 ஆக உயர்த்துகிறதா என்று நம்பகமாக அறிய, புள்ளியியலின் வழக்கமான அளவுகளின்படி ஒவ்வொரு பாதியிலும் சுமார் 78,000 பேர் வேண்டும். இரண்டு பாதிக்கும் 1,56,000 பேர். நாளுக்கு 200 வீதம் 780 நாள், அதாவது இரண்டு ஆண்டுக்கும் மேல்! அதே மாற்றம் நூற்றுக்கு இருவரை நால்வராக்குமானால் ஒவ்வொரு பாதிக்கும் 1,200 பேர் போதும்; 12 நாளில் தெரிந்துவிடும்.

அஜைல் குழுக்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என வேலை செய்கின்றன. இரண்டு வாரத்தில் கட்டலாம். ஆனால் சிறு கடை ஒன்று இரண்டு வாரத்தில் அறியக்கூடியது மிகப் பெரிய வேறுபாடுகளை மட்டுமே. 'சுற்றுக்குச் சுற்று மெருகேற்றி விற்பனையைப் பெருக்குவோம்' என்று சிறு வணிகரிடம் சொல்பவர், தாமே அறிய முடியாத ஒன்றை வாக்களிக்கிறார். அவருக்குப் பயன்படுவது வேறு: பக்கம் மெதுவாக இறங்குகிறதா, விலை தெளிவாகத் தெரிகிறதா, பணம் செலுத்தும் இடத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நாலைந்து பேரை வாங்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்ப்பது. பெரிய குறைகள் அப்போதே வெளிப்படும்.

அளவுகோல் தவறினால்

அளந்தால் மட்டும் போதாது. எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். அதே பிங் தளத்தில் ஒருமுறை பிழை ஒன்றினால் மிக மோசமான தேடல் விடைகள் காட்டப்பட்டன. அப்போது ஒருவருக்குக் கிடைத்த வருவாய் 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது! விடை கிடைக்காதவர்கள் மறுபடி மறுபடி தேடினார்கள், விளம்பரங்களைச் சொடுக்கினார்கள். அன்றைய வருவாயை மட்டும் பார்த்தால் தளத்தைக் கெடுப்பதே முன்னேற்றம் என்றாகும்.

விற்பனையிலும் இப்படியே. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் காட்டுவது, 'இன்னும் இரண்டே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் குறுகிய சோதனையில் வெற்றியாகவே தோன்றக்கூடும். ஏமாந்தவர் திரும்பி வராதது அடுத்த ஆண்டுதான் தெரியும். இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது.

அஜைல் முறை பயனற்றது என்பது நம் முடிவன்று. தவற்றை மலிவாகவும் விரைவாகவும் செய்து திருத்திக்கொள்ள அது வழி தருகிறது. ஆனால் திருத்த வேண்டியது எது என்பதை அது தானாகச் சொல்லாது. நாளை உங்களில் சிலர் இத்தகைய தளங்களைக் கட்டுவீர்கள், சிலர் கட்டுவிப்பீர்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'என்ன கட்டினோம்?' என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். 'வாங்குபவரைப் பற்றி எதை அறிந்தோம், எத்தனை பேரை வைத்து அறிந்தோம்?' என்றும் கேளுங்கள். விடை இல்லையென்றால், அந்தச் சுற்றில் வேலை நடந்திருக்கலாம், சோதனை நடக்கவில்லை.