வெண்கட்டி வட்டமும் நாட்டெல்லையும்: பிரெக்ற் நாடகம் பற்றிய ஒரு மறுநோக்கு

பேர்டோல்ட் பிரெக்ற் அமெரிக்காவில் அகதியாக வாழ்ந்தபோது 1944 இல் எழுதிய ‘கோக்கேசிய வெண்கட்டி வட்டம்’ எமது நாட்டு அரங்கிற்குப் புதியதன்று. ஹென்றி ஜயசேன 1967 இல் அதனைச் சிங்களத்தில் ‘ஹுனுவட்டயே கத்தாவ’ என மேடையேற்றினார். உழைப்போருக்கே உரிமை என்னும் கோட்பாட்டின் விளக்கமாக அதனைக் கொள்ளுதல் முற்போக்கு விமர்சகரது வழக்கம். அம்முடிபு தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. பிரிந்த பெற்றோர் வெவ்வேறு நாடுகளில் வாழ, பிள்ளை எவரிடம் வளர்வது என்னும் வினா நீதிமன்றங்களை எதிர்நோக்கும் இக்காலத்தில், அந்நாடகத்தின் வலிமையும் வரம்பும் புதிதாகப் புலப்படுகின்றன.

கலகம் மூண்டபோது ஆளுநரின் மனைவி உடைகளைத் தேர்ந்தெடுப்பதிற் கருத்தூன்றிக் குழந்தை மிக்கேலைக் கைவிட்டுத் தப்புகிறாள். பணிப்பெண் குரூசா அவனைச் சுமந்து, ஆழ்ந்த பள்ளத்தின் மேலுள்ள உளுத்த பாலத்தைக் கடந்து, மலைக்கப்பால் வளர்க்கிறாள். பின்னர் படைவீரர் குழந்தையை நகருக்கு மீட்டுவருகின்றனர். குழந்தையின்றிக் கணவனின் சொத்து மனைவிக்குக் கிட்டாது என்பதை அவளது வழக்கறிஞரே வாய்தவறி வெளியிடுகிறார். நீதிபதி அஸ்டக் வட்டம் வரைந்து இருவரையும் இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு நோகுமென்று இருமுறையும் கையை விட்டவளுக்கே பிள்ளை உரித்தாகிறது. பழைய சீன நாடகத்தில் கையை விடுபவள் பெற்ற தாய். பிரெக்ற் அவ்விடத்தில் வளர்த்தவளை நிறுத்தினார். இரத்த உறவின் இடத்தை உழைப்பு பெறுகிறது.

இனி இன்றைய சட்டத்தை நோக்குவோம். 1980 இல் ஹேக் நகரில் உருவான சமவாயத்திற்கு அமைவாக இலங்கை 2001 இல் தனிச்சட்டம் இயற்றியது. பெற்றோருள் ஒருவர் மற்றவரது கட்டுக்காப்புரிமையை மீறிப் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேறு நாட்டிற்குக் கொண்டுசென்றால், ஓராண்டுக்குள் வழக்கிடப்படின், பிள்ளையை அதன் வழக்கமான வதிவிடத்திற்குத் திருப்பியனுப்புதல் பொதுவிதி. சில விதிவிலக்குகளும் உள. பிள்ளை எவருக்கு என்பதை அச்சமவாயம் தீர்ப்பதில்லை. அதனைத் தீர்க்கவேண்டியது எந்நாட்டு நீதிமன்றம் என்பதையே அது வரையறுக்கிறது. பலவந்தமாக இழுத்தவர் அதனாற் பயன்பெறலாகாது என்னும் இவ்விதி அஸ்டக்கின் நீதிக்கு அந்நியமானதன்று.

முரண்பாடு இங்கேதான் தோன்றுகிறது. சமவாயத்தை வரைந்தோரின் மனக்கண்ணில் நின்றவர் பெரும்பாலும் கட்டுக்காப்புரிமையற்ற தந்தையர். பின்னர் வழக்குகளை ஆராய்ந்தோரோ, கொண்டுசென்றவருட் பெரும்பாலோர் தாய்மார் எனவும், அவருட் பலர் பிள்ளையை நாளும் பேணியவர் எனவும் கண்டனர். நாடகத்தில் வளர்த்தவளே கையை விடுபவள். எல்லை கடந்த வழக்கிலோ வளர்த்தவளே இழுத்தவளாகவும் நிற்கலாம். கணவனைச் சார்ந்து பெற்ற விசாவுடன் புலம்பெயர்ந்து, வருவாயும் உறவும் அற்ற நாட்டில் மணமுறிவுக்கு ஆளாகும் பெண்ணை எண்ணுவோம். பிள்ளையுடன் தாய்வீடு திரும்பினால் அவள் கடத்தியவள் எனப்படுகிறாள். திருப்பியனுப்பும் கட்டளைக்குப் பணிந்தால் வீடோ வேலையோ சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமோ இன்றி வழக்காடவேண்டியவளாகிறாள். கட்டளை இருவருக்கும் பொதுவானது. அதனைத் தாங்கும் பொருளாதார வலிமை பொதுவானதன்று. குரூசாவுக்கு அஸ்டக் வாய்த்தது கலகக் குழப்பத்தின் தற்செயல் என்பதைப் பிரெக்ற் மறைக்கவில்லை. தற்செயலை நம்பி எப்பெண்ணும் கையை விடமுடியாது.

நாடகத்தின் வரம்பையும் நாம் கூறியாக வேண்டும். பள்ளத்தாக்கு அதனை நன்கு பயன்படுத்துவோருக்கு, பிள்ளை தாய்மையுடையோருக்கு என்று நாடகம் ஒப்புமை காட்டுகிறது. நிலம் பேசாது, பிள்ளை பேசும். எனினும் வட்டத்தினுள் நிற்கும் மிக்கேலிடம் எவரும் எதுவும் வினவவில்லை. உழைப்பின் பெயரால் வழங்கப்படினும், கேளாமற் கொடுக்கப்படும் பிள்ளை உடைமையாகவே எஞ்சுகிறது. தக்க வயதும் முதிர்ச்சியுமுள்ள பிள்ளை மறுப்பின் திருப்பியனுப்பாதிருக்க ஹேக் சமவாயம் இடமளிக்கிறது. 1989 ஆம் ஆண்டின் பிள்ளை உரிமைச் சமவாயம் பிள்ளையின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணிப்பதுடன், இரு நாடுகளில் வாழும் பெற்றோர் இருவருடனும் தொடர்பு பேணும் உரிமையையும் ஏற்கிறது. இவ்விடயத்திற் சட்டம் நாடகத்தை முந்திச் சென்றுள்ளது.

ஆதலின் உழைப்புக் கோட்பாட்டை நாம் கைவிடவேண்டியதில்லை, விரித்துரைக்கவேண்டும். பேணிய உழைப்பைக் கணக்கிடுவதுடன், அவ்வுழைப்பாளி அந்நிய நாட்டு நீதிமன்றில் நின்று பேசுவதற்கான பொருள்வசதியையும், பிள்ளையின் வாய்மொழியையும் அது உள்ளடக்க வேண்டும். இந்நாடகத்தை இனி மேடையேற்றுவோர் வட்டத்தின் நடுவே நிற்கும் சிறுவனைச் சற்றுநேரமேனும் அவையோர் பார்த்திருக்கச் செய்வாராயின், அது மூலத்திற்கு இழைக்கும் துரோகமாகாது.