கட்டணம் ஒழிந்தது, கேட்கும் உரிமை ஒழியவில்லை

வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஆண்டுதோறும் பணங்கட்டி உரிமம் பெறும் வழக்கம் சிங்கப்பூரில் 2011-ஆம் ஆண்டில் ஒழிந்தது. தொலைக்காட்சியுள்ள வீட்டுக்கு 110 வெள்ளி, காரிலுள்ள வானொலிக்கு 27 வெள்ளி என்றிருந்த அக்கட்டணம் நீக்கப்படுவதை, அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில், அன்றைய நிதியமைச்சரும் இன்றைய அதிபருமாகிய தர்மன் சண்முகரத்தினம் அறிவித்தார்.

இதனை நாம் வரவேற்கிறோம். ஓரறை வீட்டுத் தொழிலாளியும் மாளிகைச் செல்வரும் ஒரே தொகை செலுத்துவது சமத்துவமன்று, சமத்துவத்தின் போலியே. அன்றியும், கூடத்தில் நின்ற பெட்டியை அதிகாரி கதவைத் தட்டிக் கண்டறியலாம். தேக்காவில் காய்கறி வாங்குவோரின் சட்டைப்பைக் கைபேசியே இன்று தொலைக்காட்சியாகிவிட்டபின், எத்தனை சட்டைப்பைகளைச் சோதிப்பது? பிரிட்டனோ, பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் பின்னர்க் காண்போரும் உரிமம் பெறல்வேண்டுமென 2016 செப்டம்பரில் விதித்தது. ஜெர்மனி, கருவியைத் தேடுவதை விடுத்து, 2013 முதல் வீட்டுக்கு இவ்வளவு என வசூலிக்கிறது. சிங்கப்பூர் பொதுக் கருவூலத்திலிருந்தே கொடுக்கிறது.

நிற்க. ‘வசந்தம்’ தொலைக்காட்சியையோ ‘ஒலி 96.8’ வானொலியையோ பற்றி ஒரு குறை கூறின், “இலவசமாய்க் கிடைப்பதற்கு இத்தனை நொட்டைச் சொல்லா?” என்று வினவுவோர் நம்மிடையே உளர். இவ்வாதம் அறியாமையின்பாற்பட்டது. கருவூலம் வானத்திலிருந்து நிரம்புவதன்று. பேரங்காடியில் சோப்பு வாங்கும் ஏழையும் 2024 முதல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி கொடுக்கிறார். சீட்டுத்தான் போயிற்றேயன்றிச் செலுத்துவது போகவில்லை. சிறுபான்மையினரின் மொழி விளம்பர வருவாயை மட்டும் நம்பி அலையேறி நிற்றல் அரிது. ஆகவே பொதுப்பணம் பெறுவது பிச்சையன்று, உரிமையே.

உரிமையெனின் கேள்வியும் உண்டு. நம் நாடகங்கள் இந்நாட்டுத் தொழிலாளியின் வாழ்வைக் காட்டுகின்றனவா, சென்னைத் தொடர்களின் நிழலாய் நிற்கின்றனவா? பெண்ணைச் சிந்திப்பவளாய்க் காட்டுகின்றனவா, அழுது தீர்ப்பவளாய்க் காட்டுகின்றனவா? சாதியையும் சோதிடத்தையும் துணிந்து கண்டிக்கின்றனவா? நன்று செய்தவிடத்துப் பாராட்டினோமா?

இவற்றைக் கேளாமல், பிடிக்காதவர் பிறநாட்டு நிறுவனத்துக்கு மாதச் சந்தா கட்டி மௌனமாய் விலகிவிடுகிறார். அவர் நீங்குவதால் நிகழ்ச்சி திருந்துவதில்லை. பார்ப்பாரற்ற ஒன்றாக அது நடந்துகொண்டிருக்கும். பின்னொரு நாள், “பார்ப்பாரில்லையே, தமிழுக்கு இது எதற்கு?” என்று பிறர் கேட்பின், நாம் என்ன விடை கூறுவோம்?

பணம் பிடிக்க அதிகாரி நம் வாயிலுக்கு வந்த காலம் போயிற்று. கணக்குக் கேட்க நாம் செல்லவேண்டிய காலம் இது. தமிழர்களே, பாருங்கள், பார்த்தபின் வாய் திறந்து பேசுங்கள்.