எடுத்தனூர் நடுகல்லும் துறைதோறும் மாறும் நோக்கும்

சவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது, பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. அவ்வட்டார நடுகற்களுள் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்பினது. எருமைகளைக் காத்துக் கருந்தேவக்கத்தி என்பான் பட்டதையும், கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் அது கூறுகின்றது.

கல்வெட்டறிஞர் இதனுள் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைக் காண்பர். அவன் ஆட்சிக்காலத்தை அளத்தற்கு அது வேண்டுவதே. இலக்கியம் பயில்வோரோ, தொல்காப்பியர் வெட்சித்திணையுள் அடக்கிய ஆநிரை மீட்டலை உடனே நினைப்பர். இங்குதான் எமக்கு ஐயம் எழுகின்றது. வேந்து விடுத்த வெட்சி மறவரை இக்கல்லிற் காணோம், கள்வரே உளர். ஆவும் இல்லை, எருமையே உண்டு. நாயோ வெட்சித்திணை நூற்பாவினுள் அடங்குவதன்று. இவற்றையெல்லாம் விடுத்து, வீரன் பட்டான் என்னும் ஒன்றையே பற்றிக் கல்லை இலக்கணத்திற்குச் சான்றாக்குதல் பொருந்துமோ? (வகுப்பறையில் யாமும் அங்ஙனம் கூறியதுண்டு.)

நாய்க்குப் பெயரும் உருவும் அளித்த ஊரார் எத்தகைய வாழ்வினர் என வினவுவோர் மானிடவியலார். அவ்வினாவே இக்கல்லுக்கு அணுக்கமானது. எனினும், இன்று மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வழக்கை ஏழாம் நூற்றாண்டுக் கால்நடை காவலர்மேல் ஏற்றிக் கூறுவரேல், அவர்க்கும் கல்வெட்டறிஞர் காட்டும் ஆண்டு தேவைப்படும்.